வீல் பேரிங் வாங்கும்போது டப்பாவ பாக்காதீங்க, ரிங்க பாருங்க

கார் சக்கரம் உராயாம சுத்தறதுக்கு நடுவுல இருக்கற வீல் பேரிங்ல எந்த கம்பெனிது நல்லதுன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. ஒரு பேர சொன்னா போதும், நேரா கடைக்கு போய் அத வாங்கிட்டு வந்துருவாங்க. நானும் கீழ சில பேர சொல்லத்தான் போறேன், ஆனா பேர மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு போனா பாதி கிணறு தாண்டின கதைதான், ஏன்னா ஒரே பேரிங் வேற வேற டப்பால வருது, ஒரே டப்பாக்குள்ள இந்த மாசம் ஒரு ஃபேக்டரி சரக்கும் அடுத்த மாசம் இன்னொரு ஃபேக்டரி சரக்கும் வருது. அதனால கொஞ்சம் உள்ள போய் பேசுவோம்.

வாங்கறதுக்கு முன்னாடி போனது பேரிங்தானான்னு முடிவு பண்ணுங்க. டயர் மேடு பள்ளமா தேஞ்சிருந்தாலும் அச்சு அசலா அதே மாதிரிதான் ஊங்ங்ங்னு இரையும், அனுபவசாலி மெக்கானிக்கே சில சமயம் இதுல ஏமாந்துருவாங்க. டயர முன்ன பின்ன மாத்தி போட்டு ஓட்டிப் பாருங்க, சத்தமும் கூடவே இடம் மாறினா டயர்தான். பேரிங் சத்தம் வண்டி வேகத்தோட ஏறும் இறங்கும், நியூட்ரல்ல உருட்டினாலும் போகாது. வளைவுல திரும்பும்போது மாறும், ஏன்னா வண்டியோட எடை ஒரு பக்கமா சாயுது, இடது பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுச்சுன்னா பெரும்பாலும் வலது பக்க பேரிங்தான். பெரும்பாலும்னுதான் சொல்றேன், ரெண்டு வரிசை குண்டு இருக்கற பேரிங்ல எந்த வரிசை கெட்டிருக்குங்கறத பொறுத்து இது ஏமாத்தவும் செய்யும்.

இன்னும் நம்பகமான வழி ஒண்ணு இருக்கு. ஜாக்கி போட்டு வீல தூக்கி, ஸ்டாண்டு வச்சுட்டு, ஒரு கைய சஸ்பென்ஷன் காயில் ஸ்ப்ரிங் மேல வச்சுகிட்டு இன்னொரு கையால வீல சுத்தி விடுங்க. கெட்டுப்போன பேரிங்கா இருந்தா ஸ்ப்ரிங் வழியா ஒரு கரகரப்பு கைக்கு வரும், காதுக்கு கேக்காதது கூட கைக்கு தெரியும். அப்புறம் வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா உள்ள ஒருத்தர உக்கார வச்சு பிரேக்க மிதிக்க சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னுச்சுன்னா பேரிங், நிக்காம இருந்தா சஸ்பென்ஷன்ல இருக்கற பால் ஜாயின்ட் மாதிரி வேற ஏதோ. ஆனா ஆட்டமே இல்லாம சத்தம் மட்டும் போடற பேரிங்தான் அதிகம், அதனால ஆட்டம் இல்லன்னு சொல்லி நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிராதீங்க.

சரி, பேரிங்தான்னு ஆயிருச்சு. உங்க கார்ல எந்த டைப்? பழைய டிசைன்ல ரெண்டு தனித்தனி டேப்பர் ரோலர் பேரிங் (குண்டுக்கு பதிலா கூம்பு மாதிரி உருளை ஓடறது) இருக்கும், கிரீஸ் வச்சு நட்ட கையால அட்ஜஸ்ட் பண்ணணும். அதுக்கு அடுத்து வந்தது ரெண்டு வரிசை குண்டு உள்ள ஒரே உருளை, இத நக்கிளுக்குள்ள (வீல தாங்கற இரும்பு பாகம்) பிரஸ் போட்டு, அதாவது மெஷினால அழுத்தி இறக்கணும், இதுதான் முதல் தலைமுறை. ஒரு ரிங்லயே ஃப்ளேஞ்ச் (போல்ட் போடற தட்டு) சேந்து வர்றது ரெண்டாவது தலைமுறை. ஹப் (வீல் மாட்டற நடு பாகம்), பேரிங், போல்ட் போடற ஃப்ளேஞ்ச் எல்லாம் ஒரே துண்டா வர்றது மூணாவது தலைமுறை, இததான் ஹப் யூனிட்னு சொல்றது, பழச கழட்டி புதுச போல்ட் பண்ணா முடிஞ்சுது. இத ஏன் சொல்றேன்னா உங்களோடது எந்த டைப்புங்கறத பொறுத்துதான் எத உஷாரா பாக்கணும்ங்கறதும் மாறும். பிரஸ் டைப்ல பேரிங்க விட அத மாட்டற ஆளு முக்கியம், ஹப் யூனிட்ல மாட்டறது சுலபம், ஆனா மட்டமான சரக்கு வந்து மாட்டிக்கிற வாய்ப்பு அதிகம்.

பிரஸ் டைப் பேரிங் நம்பர்ல டிஏசி 39740039ன்னு இருந்தா, உள் விட்டம் 39 மில்லிமீட்டர், வெளி விட்டம் 74, அகலம் 39ன்னு அர்த்தம், முதல் எட்டு எண்லயே அளவு மொத்தமும் இருக்கு. ஆனா அளவு ஒத்துப்போனா போதும்னு வாங்கிராதீங்க, அதே அளவுல மேக்னட் ரிங் உள்ளதும் வருது இல்லாததும் வருது, இத பத்தி கீழ சொல்றேன்.

இப்ப தரம்னா என்னன்னு பாப்போம், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். நல்ல பேரிங்கையும் மட்டமான பேரிங்கையும் பக்கத்து பக்கத்துல வச்சா ரெண்டும் பளபளன்னுதான் இருக்கும், ரெண்டும் வழுவழுன்னு சுத்தும். கடைக்காரர் கையில வச்சு சுத்தி காமிச்சு பாருங்க எவ்ளோ ஸ்மூத்துன்னு சொல்லுவாரு, அந்த சுத்துல ஒண்ணுமே தெரியாது, புது பேரிங்ல கிரீஸும் சீலும் இறுக்கமா இருக்கறதால நல்ல சரக்குதான் சில சமயம் கொஞ்சம் கனமா சுத்தும், மட்டமானது காத்தாடி மாதிரி பறக்கும். வெளுத்ததெல்லாம் பால்னு நம்பினா அவ்ளோதான்.

வித்தியாசம் முதல்ல இரும்புல ஆரம்பிக்குது. பேரிங் ஸ்டீல்னு தனியா ஒரு ரகம் இருக்கு, ஏறத்தாழ 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். ஜெர்மனில 100சிஆர்6, அமெரிக்கால 52100, ஜப்பான்ல எஸ்யூஜே2ன்னு சொல்றது எல்லாமே கிட்டத்தட்ட இதுதான். கலவை பெரிய ரகசியம் இல்ல, யார் வேணா காய்ச்சலாம். அதுல அழுக்கு எவ்ளோ இருக்குங்கறதுதான் விஷயம். உருக்குல ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தா அது கண்ணுக்கு தெரியாத ஆக்ஸைடு துகளா உள்ளயே தங்கிரும். குண்டு உருள்ற பாதைல அழுத்தம் வர்ற இடம் ஒரு சின்ன புள்ளி, அந்த புள்ளில அழுத்தம் 1000 மெகாபாஸ்கலுக்கு மேல கூட போகும், அதிகபட்ச வெட்டு அழுத்தம் மேல்பரப்புல இல்ல, மேல்பரப்புக்கு கொஞ்சம் கீழ விழுது. அங்க ஒரு துகள் இருந்தா அத சுத்தி ஒரு மயிரிழை விரிசல் ஆரம்பிச்சு, மெல்ல மேல வந்து, ஒருநாள் சில்லு சில்லா பேந்துரும். அதனாலதான் நல்ல கம்பெனிங்க வாக்யூம்ல வச்சு வாயுவ வெளியேத்தின ஸ்டீல வாங்கி, ஆக்ஸிஜன பத்து லட்சத்துல 10 பங்குக்கும் கீழ வச்சுக்கறாங்க. இத கடைல நின்னு எப்படி பாப்பீங்க? பாக்கவே முடியாது.

அடுத்து ஹீட் ட்ரீட்மென்ட். ராக்வெல் சி அளவுல 60 பக்கம் கடினம் வேணும், ரிங்கோட எல்லா இடத்துலயும் ஒரே சீரா வேணும். கம்மியா போனா குண்டு தடம் பதிஞ்சுரும், அதிகமா போனா உடையும். ஹப் யூனிட்ல இன்னும் சிக்கல், ஃப்ளேஞ்ச் பக்கம் அடி தாங்கணும், குண்டு ஓடற பக்கம் மட்டும் கெட்டியா இருக்கணும், அதனால அந்த பாதைய மட்டும் இன்டக்ஷன் முறைல சூடாக்கி கடினப்படுத்துவாங்க, அந்த கடினம் எவ்ளோ ஆழம் இறங்கிருக்குன்னு வெட்டிப் பாத்தாதான் தெரியும்.

அப்புறம் சீல், பேரிங் ஓரத்துல இருக்கற ரப்பர் மூடி. என் கருத்த கேட்டா, ரோட்ல ஓடற கார்ல பேரிங் சாகறதுக்கு பாரத்த விட தண்ணியும் மண்ணும்தான் பெரிய காரணம். ஓடி சூடான பேரிங் தண்ணில முங்கினா உள்ள இருக்கற காத்து சட்டுன்னு சுருங்கும், சுருங்கும்போது சீல் இடுக்கு வழியா தண்ணிய உறிஞ்சும். நல்ல சீல்ல ரெண்டு மூணு உதடு இருக்கும், ஒண்ணு மண்ண தடுக்க, ஒண்ணு தண்ணிய தடுக்க, ஒண்ணு கிரீஸ புடிச்சு வைக்க. மட்டமான சரக்குல ஒரே உதடு, அதுவும் சீக்கிரம் காய்ஞ்சு கெட்டியாகற ரப்பர். காசு மிச்சம் பண்ற கம்பெனிக்கு கைய வைக்க ரொம்ப சுலபமான இடம் இந்த சீலும் கிரீஸும்தான், ஏன்னா வாங்கறவனுக்கு ரெண்டுமே தெரியாது, சத்தம் வர்றதுக்கும் பல மாசம் ஆகும், அதுக்குள்ள பில்லு எங்கயோ போயிருக்கும்.

இதோட ஒரு கணக்கையும் சொல்லிடறேன். குண்டு பேரிங்ல பாரம் ரெண்டு மடங்கானா ஆயுசு எட்டுல ஒரு பங்கா குறையும், ஆயுசு பாரத்தோட மூணாவது அடுக்குக்கு (பவர்) எதிரா போகுது. ரோலர் பேரிங்ல அது மூணே கால் அடுக்குக்கும் கொஞ்சம் மேல. அதனாலதான் ஸ்டைலுக்கு ஸ்பேசர் போட்டு வீல வெளிய தள்றவங்க, ஆஃப்செட் (வீல் உள்ள வெளிய உக்கார்ற அளவு) தப்பான அலாய் வீல் போடறவங்க கார்ல பேரிங் அடிக்கடி போகுது, வீல் வெளிய போகப் போக பேரிங் மேல வர்ற நெம்புகோல் விசை கூடிகிட்டே போகும், கொஞ்சம் கூடினாலும் ஆயுசு மடமடன்னு இறங்கும். அந்த மாதிரி வண்டிக்கு எந்த பிராண்ட வாங்கி போட்டாலும் நிக்காது, பிராண்ட திட்டாதீங்க. இன்னொன்னு, கம்பெனி கேட்டலாக்ல போடற ஆயுசு கணக்கு நூறு பேரிங்ல 90 தாண்டற அளவு, மிச்ச 10 அதுக்கு முன்னாடியே போகலாம்னு அவங்களே ஒத்துகிட்டுதான் எழுதறாங்க. அதனால ஒருத்தருக்கு நல்ல பிராண்ட் பேரிங் சீக்கிரம் போச்சுங்கறத மட்டும் வச்சு அந்த பிராண்டே வேஸ்ட்டுன்னு சொல்ல முடியாது.

ஆக உள்ள இருக்கறது எதுவும் கண்ணுக்கு தெரியாது. அப்ப நாம நிஜமா காசு கொடுத்து வாங்கறது என்ன? இத யாரு செஞ்சாங்க, அவங்ககிட்டருந்து என் கைக்கு எப்படி வந்துச்சுங்கற நம்பிக்கைய. பேரெல்லாம் இங்கதான் உதவும்.

ஸ்வீடன்ல 1907ல ஆரம்பிச்ச எஸ்கேஎஃப், இது ஒரு துணி மில்லுல வேல பாத்த ஸ்வென் விங்க்விஸ்ட்ங்கற எஞ்சினியர் தொடங்கினது, மில்லுல தண்டு நேரா நிக்காம பேரிங் போய்கிட்டே இருந்த எரிச்சல்ல பொறந்த கம்பெனி. வோல்வோ கார் கம்பெனியே இவங்களோட கிளையா ஆரம்பிச்சதுதான். ஜெர்மனில ஷ்வைன்ஃபுர்ட் ஊர்ல 1883ல ஃபிரெட்ரிக் ஃபிஷர் எஃகு குண்ட அரைச்சு சரியான உருண்டையாக்கற மெஷின கண்டுபுடிச்சாரு, அந்த வழில வந்ததுதான் எஃப்ஏஜி, 2001லருந்து அது ஷேஃப்லர் கைல இருக்கு. டேப்பர் ரோலர்னா டிம்கன், ஹென்றி டிம்கன் 1898ல பேட்டன்ட் வாங்கினாரு. ஜப்பான்ல என்எஸ்கே, என்டிஎன், கோயோ மூணும் பெரிய கைங்க, கோயோ இப்ப ஜேடெக்ட். ரெனோ கிட்ட இருந்த எஸ்என்ஆர் இப்ப என்டிஎன் கூட சேந்துருச்சு. கொரியா கார்ல இல்ஜின் நிறைய வரும். இதுல எது ஒசத்தின்னு சண்டை போடறதுல எனக்கு ஆர்வம் இல்ல, இவங்க எல்லாருமே கார் கம்பெனிக்கு நேரா சப்ளை பண்றவங்க, அந்த கார் கம்பெனி டெஸ்ட்ல தேறினவங்க. உங்க கார்ல ஃபேக்டரிலருந்து வந்தது இவங்கள்ல யாரோட சரக்கோ அதையே தேடுறதுதான் என் முதல் சாய்ஸ்.

இப்பதான் தலைப்புக்கு வர்றேன். டப்பா மேல பேர் இருக்கற எல்லாரும் பேரிங் செய்யறவங்க இல்ல. நிறைய ஸ்பேர் பார்ட்ஸ் பிராண்டுங்க வெறும் பேக் பண்றவங்க, எங்கயோ வாங்கி தன் டப்பால போட்டு தன் நம்பர ஒட்டி விப்பாங்க. அது தப்பில்ல, சில சமயம் அந்த டப்பாக்குள்ள மேல சொன்ன பெரிய கம்பெனி பேரிங்கே கம்மி விலைக்கு கிடைக்கும், சில சமயம் பேரே இல்லாத சரக்கு இருக்கும். கார் கம்பெனி டப்பாவும் இப்படித்தான், உள்ள இருக்கறது பேரிங் கம்பெனி சரக்குதான், விலை மட்டும் கார் கம்பெனியோடது. அதனால கடைல டப்பாவ திறந்து ரிங்கோட விளிம்ப பாருங்க. தயாரிச்சவங்க பேர், நம்பர், பெரும்பாலும் தயாரிச்ச நாடு, தேதியோ பேட்ச்சோ குறிக்கற ஒரு கோடு, எல்லாம் லேசர்ல பொறிச்சிருப்பாங்க. எழுத்து கூர்மையா, ஒரே ஆழமா, நேரா இருக்கணும். பேரே இல்லாம வெறும் அளவு நம்பர் மட்டும் இருந்தா நான் வாங்க மாட்டேன், விலை என்னவா இருந்தாலும். இருந்த பேர அரைச்சு எடுத்த தடம் இருந்தா அது வேற கேஸ், கார் கம்பெனிக்காக செஞ்ச சரக்குல லோகோவ எடுத்துட்டு வெளி மார்க்கெட்டுக்கு அனுப்பற வழக்கமும் உண்டு, அது தெரிஞ்ச இடத்துல வாங்கினா மட்டும் சரி.

டூப்ளிகேட் விஷயம் தனி. பெரிய பேருங்க எல்லாத்துக்கும் போலி இருக்கு, டப்பா பிரிண்டிங் ஒரிஜினல விட அழகா இருக்கறதெல்லாம் உண்டு. ஹோலோகிராம நம்பி பிரயோஜனம் இல்ல, அதையும் அடிக்கறாங்க. எஸ்கேஎஃப் ஆதென்டிகேட்னு ஒரு ஆப் விட்டிருக்காங்க, ஃபோட்டோ எடுத்து அனுப்பினா அவங்க ஆளுங்க பாத்து சொல்லுவாங்க. ஷேஃப்லர்ல ஒரிஜின்செக்னு இருக்கு, டப்பா மேல இருக்கற கோட ஸ்கேன் பண்றது. வாங்கறதுக்கு முன்னாடியே கடைல நின்னு பண்ணுங்க, கடைக்காரர் மூஞ்சி மாறினா அதுவும் ஒரு பதில்தான். ஆன்லைன்ல வாங்கினா விக்கறவர் அந்த கம்பெனியோட அங்கீகரிச்ச டீலரான்னு பாருங்க, பிராண்ட் பேர் பக்கத்துல இருக்கற ஸ்டார் கணக்க பாக்காதீங்க, அங்க டெலிவரி சீக்கிரம் வந்துச்சுன்னு அஞ்சு ஸ்டார் போட்டவங்கதான் பாதி பேர். அப்புறம் டப்பா நசுங்கியிருந்தா வேணாம்னு திருப்பி குடுத்துருங்க, கீழ விழுந்த பேரிங்ல குண்டு தான் ஓடற பாதைல பள்ளம் பண்ணிருக்கலாம், சத்தம் முதல் நாளே ஆரம்பிக்கும். விழக்கூட வேணாம், அதிர்வே போதும், 1930கள்ல அமெரிக்கால ரயில்ல ஏத்தி அனுப்பின புது காருங்க ஊர் போய் சேர்றதுக்குள்ள, வீல் ஒரு சுத்து கூட சுத்தாமலேயே, நின்ன இடத்துல குலுங்கி குலுங்கி பேரிங் கெட்டுப்போச்சு.

மேக்னட் ரிங் பத்தி சொல்றேன்னேன்ல. இப்ப வர்ற நிறைய கார்ல ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா வீல் பூட்டிக்காம பாத்துக்கற சிஸ்டம்) சென்சார் படிக்கறது பல்லு சக்கரத்த இல்ல, பேரிங் சீல்லயே ஒட்டியிருக்கற ஒரு காந்த வளையத்த. அதுல வடக்கு தெற்குன்னு மாறி மாறி துருவம் இருக்கும், கண்ணுக்கு சாதாரண ரப்பர் சீல் மாதிரிதான் தெரியும். இந்த பக்கம் சென்சார பாத்து உக்காரணும். திருப்பி போட்டு இறக்கிட்டா பேரிங் நல்லா ஓடும், ஏபிஎஸ் லைட்டு மட்டும் அணையவே அணையாது, திரும்ப பிரஸ் போட்டு எடுத்தா அந்த புது பேரிங் குப்பைக்குதான். எந்த பக்கம்னு பாக்க ஒரு பேப்பர் கிளிப்ப லேசா பக்கத்துல கொண்டு போங்க, மேக்னட் பக்கம் லேசா இழுக்கும். காந்தம் உள்ள டூல் ட்ரேல இத வைக்காதீங்க, இரும்புத் தூள் இருக்கற பெஞ்ச் மேலயும் வைக்காதீங்க. மட்டமான சரக்குல இந்த வளையம் சீக்கிரம் உரிஞ்சு வர்றதும், துருவம் ஒழுங்கா பதியாம ஸ்பீடு சிக்னல் விட்டு விட்டு வர்றதும் நடக்கும்.

ஹப் யூனிட் வாங்கறவங்க இன்னொரு விஷயம் பாக்கணும், டிஸ்க் உக்கார்ற ஃப்ளேஞ்ச். அது மில்லிமீட்டர்ல நூறுல சில பங்கு கோணலா இருந்தாலும் பிரேக் டிஸ்க் ஒவ்வொரு சுத்துக்கும் பிரேக் பேட உரசும், சில ஆயிரம் கிலோமீட்டர்ல டிஸ்க் ஒரு பக்கம் மெலிஞ்சு, பிரேக் புடிச்சா ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். பேரிங் மாத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்கும் தோணாது, டிஸ்க்க குறை சொல்லி டிஸ்க்க மாத்துவாங்க, மறுபடி உதறும்.

மாட்டறது பத்தி ரெண்டு மூணு விஷயம் மெக்கானிக்கிட்ட கேட்டுக்கோங்க, கேட்டா கோவிச்சுக்கற ஆளா இருந்தா வேற ஆள பாருங்க. நக்கிள்ல இறக்கும்போது வெளி ரிங்க மட்டும்தான் அழுத்தணும், ஹப்ப பேரிங்குள்ள இறக்கும்போது உள் ரிங்குக்கு கீழ முட்டு கொடுக்கணும். அழுத்தம் குண்டு வழியா போச்சுன்னா எவ்ளோ ஒசத்தி பேரிங்கும் அங்கயே செத்துது. சுத்தியால அடிச்சு இறக்கறத பாத்தீங்கன்னா பேரிங்க திரும்ப வாங்கிட்டு வந்துருங்க. பழைய உள் ரிங் ஹப்லயே ஒட்டிகிட்டு வரும், அத கிரைண்டர் வச்சு வெட்டும்போது ஹப்புல கீறல் விழக்கூடாது. ஆக்ஸில் நட்டு நிறைய கார்ல ஒருதடவை மட்டும் போடறது, புதுசு போடணும், பல கார்ல 200 நியூட்டன் மீட்டருக்கு மேல டார்க் இருக்கும், அத இம்பாக்ட் கன்னால டர்ருனு அடிச்சு முடிக்கக்கூடாது, டார்க் ரெஞ்ச்தான். நட்டு சரியான டார்க்ல இறுகற வரைக்கும் வண்டி எடைய அந்த வீல்ல இறக்கவும் கூடாது, ரெண்டா பிரிஞ்ச உள் ரிங்க சேத்து புடிக்கறதே பல டிசைன்ல அந்த நட்டுதான்.

சீல் போட்டு வர்ற பேரிங்க திறந்து கூடுதல் கிரீஸ் அடைக்கறத பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேணாம். உள்ள காலி இடத்துல ஒரு பங்குதான் கிரீஸ் இருக்கணும்னு கணக்கு போட்டுதான் வச்சிருக்காங்க, நெறச்சா கலங்கி சூடாகும், சீலும் பிஞ்சுரும்.

ஜோடியா மாத்தணுமா? டயர் மாதிரி கட்டாயம் இல்ல. ஒரு பக்கம் தண்ணில முங்கியோ குழில விழுந்தோ போயிருந்தா அந்த பக்கம் மட்டும் போதும். வெறும் வயசால போயிருந்தா அடுத்த பக்கமும் வரிசைல நிக்குதுன்னு வச்சுக்கோங்க, ஆனா சத்தம் வர்ற வரைக்கும் அத தொடாதீங்க, நல்லா ஓடிட்டிருக்கற ஃபேக்டரி பேரிங்க பிடுங்கிட்டு பிரஸ் போட்டு புதுசு இறக்கறது எனக்கு சரியா படல. பழச தூக்கி போடறதுக்கு முன்னாடி அதோட ரிங்க துடைச்சு, பேரும் நம்பரும் தெரியற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க, அந்த அடுத்த பக்கத்துக்கு நேரம் வரும்போது கடைல டப்பாவ காமிச்சு பேசறத விட இத காமிச்சு கேக்கலாம்.